கச்சானும் கப்பலும்

எங்கள் வீட்டு நாயின் பெயர் கப்பல். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. என் தம்பி மதுசனோடு நுவரெலியாவில் இருந்த காலத்தில் அதற்கு ஏதோ வெள்ளைக்காரப் பெயர் இருந்தது. பிறகு ஒருநாள் கரட் மூட்டைகளும் லீக்ஸ் கட்டுகளும் ஏற்றிவந்த லொறி ஒன்று திருகோணமலை அன்புவழிபுரத்தில் எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் வந்து நின்றது. பின்கதவைத் திறக்க, கன்றுக்குட்டி அளவில் ஒன்று அவசரமே இல்லாமல் இறங்கியது. பக்கத்தில் நின்றவர்களில் யாரோ, "அடேயப்பா, கப்பலெல்லோ வந்து இறங்குது!" என்றார்கள். அன்றோடு பழைய பெயர் போயிற்று. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற எங்களுக்குக் கப்பல் என்றால் கொஞ்சம் மரியாதைதான்.

தம்பி நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தவன். ஆசைப்பட்டு நாயை வளர்த்துவிட்டு, கனடாவுக்கு விசா வந்ததும் "அக்கா, கொஞ்ச நாளைக்கு" என்று என் தலையில் கட்டிவிட்டுப் பறந்துவிட்டான். சென் பேர்னாட் என்ற சாதியாம். பனிமலையில் தொலைந்த ஆட்களைத் தேடிக் கண்டுபிடிக்குமாம். திருகோணமலையில் பனியும் இல்லை, அதில் தொலைகிற ஆட்களும் இல்லை. அதனால் கப்பல் வந்த நாளிலிருந்து குசினிச் சீமெந்துத் தரையில் நாலு காலையும் பரப்பி, வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு கிடந்தது. உப்பு எடுக்கவும் அதைத் தாண்ட வேண்டும், புளி எடுக்கவும் தாண்ட வேண்டும். முதல் கிழமை முழுக்கத் திட்டிக்கொண்டே தாண்டினேன். அதற்குப் பிறகு அது கிடக்காத குசினியில் எனக்குக் கை ஓடவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஆரும் என்னிடம் பரிதாபமாகக் கதைக்க வந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஆனால் வேலை முடிந்து வந்து கேற்றைத் திறக்கும்போது, இத்தனை பெரிய உடம்பு முழுவதையும் ஆட்டிக்கொண்டு ஒரு சீவன் ஓடி வந்து என் சேலையெல்லாம் வாய்நீர் பூசும். அதற்காகவே நான் ஓட்டோக்காரனை "கெதியா விடுங்கோ" என்று ஆய்க்கினைப்படுத்துவேன். எனக்கு அந்த நாயில் அவ்வளவு உயிர்.

அதற்கு எதிரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கச்சான்.

வைகாசி பிறந்தால் எங்கள் ஊரில் கச்சான் எழும்பிவிடும். மேற்கே காய்ந்து கிடக்கிற வயலையும் காட்டையும் தடவிக்கொண்டு வருகிற காற்று. முகத்தில் பட்டால் அடுப்படியில் குனிந்தது போல இருக்கும். கொடியில் போட்ட சாறம் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். கச்சான் எழும்பினால் ஊர் முழுக்க யன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும். கைக்குழந்தை உள்ள வீடென்றால் கதவின் கீழ் இடுக்கையும் பழஞ்சீலையால் அடைப்பார்கள். சூட்டை வெளியே விட்டுப் பூட்டினால் வீடு குளிர்ந்து கிடக்கும் என்பது எங்கள் ஆட்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குத் தலைவர் என்று ஒருவரை வைப்பதென்றால் ஆனந்தராசா அத்தானைத்தான் வைக்க வேண்டும். அவர் என் கணவர் தவராசாவின் தமையன். பக்கத்து வீடு. துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஆனால் கட்டளையிடுவதிலிருந்து ஓய்வு பெறவில்லை. நல்ல மனுசன். கேட்காமலே உதவி செய்வார், அதுதான் அவரிடமுள்ள பிரச்சினை. கச்சான் காலத்தில் அவர் வீட்டிலும் எல்லா யன்னலும் சாத்தியிருக்கும், மேற்குப் பக்கத்து யன்னல் ஒன்றைத் தவிர. அந்த யன்னல் கட்டில் அவருடைய மண்குடம் இருக்கிறது. காற்று நேரே குடத்தில் அடிக்கும். குடத்தின் வெளிப்புறம் எந்த நேரமும் கசிந்து ஈரமாக இருக்கும்.

"பிரிஜ் தண்ணி தொண்டைக்குக் கூடாது. என்ர குடத்துத் தண்ணியைக் குடிச்சுப் பாருங்கோ. கச்சான் அடிக்க அடிக்கத்தான் அது குளிரும்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒரு செம்பு வார்த்துக் கொடுப்பார். உண்மைதான், பல்லுக் கூசும்.

கப்பல் முதல் தரம் விழுந்தது வைகாசிக் கடைசியில். என் கணவர் வெயில் தாழ்ந்துவிட்டது என்று நினைத்து, பின்னேரம் அதைக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போனார். வெயில் தாழ்ந்ததுதான், ஆனால் தார் றோட்டு தாழவில்லை. பாதி வழியில் கப்பலின் பின்னங்கால் இரண்டும் மடங்கிப் போயின. ஆட்களைக் கூட்டி, கடைக்காரர் ஒருவரின் தண்ணீரை வாங்கி ஊற்றி, ஒருவாறு மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். வைத்தியர் லக்சனா என்று ஒரு இளம் பிள்ளை. நாயைப் பார்த்துவிட்டு என்னைத்தான் பிடித்தாள்.

"அக்கா, நாய்க்கு எங்களை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சாலதான் சூட்டை வெளியில விடும். இவ்வளவு பெரிய உடம்புக்கு அது காணாது. விடிய வெளிக்க முதல் நடத்துங்கோ. றோட்டில உங்கட புறங்கையை வச்சுப் பாருங்கோ. உங்களுக்குச் சுட்டா அதுக்கும் சுடும்."

"இன்னொருக்கா விழுந்தா?"

"தூக்கிக்கொண்டு என்னட்ட ஓடி வராதேங்கோ. வழியிலயே செத்துப்போகும். முதல் இருந்த இடத்தில வச்சுக் குளிரப் பண்ணுங்கோ, பிறகு கொண்டு வாங்கோ. தோல் மட்டும் நனையத் தண்ணி ஊத்தோணும், அதில காத்துப் படோணும். ஈரச் சாக்கால போத்து மூடிப்போடாதேங்கோ, அது சூட்டை உள்ளுக்க பிடிச்சு வைக்கும்."

வீட்டுக்கு வந்த உடனே ஆனந்தராசா அத்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இது மலைநாட்டுச் சாமான். கச்சானுக்குத் தாங்காது. மலைக்கு மேல பண்டாரவளையில எனக்குத் தெரிஞ்ச ஒரு ஐயா இருக்கிறார், தோட்டத்துப் பங்களா, சுத்திவரப் புல்லு. ஒரு சொல்லுச் சொன்னா நாளைக்கே வாகனம் அனுப்புவார்." என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணை சொல்லுறது சரி போலதான் கிடக்குது, கஜந்தி. எங்கட ஆசைக்கு வாயில்லாச் சீவனைக் கொல்லக்கூடாது" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் ஆவேசம் வந்ததோ தெரியாது. "ஆடி முடியுமட்டும் என்னட்ட விடுங்கோ" என்றேன். "நான் பாக்கிறன். அதுக்குள்ள இன்னொருக்கா கப்பல் விழுந்தா, நானே பண்டாரவளைக்கு ஏத்தி விடுறன். பிறகு ஒரு கதை கதைக்கமாட்டன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. என் வாய் எப்போதும் என்னைவிட நாலு அடி முன்னுக்கு நடக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாயின் நேரம்தான் வீட்டின் நேரம். விடிவதற்கு முன் எழும்பி உட்துறைமுகக் கரைக்கு நடத்திப் போனேன். அங்கே அது வயிறளவு தண்ணீரில் இறங்கி நின்று, நங்கூரம் போட்ட படகுகளைப் பார்க்கும். சாப்பாடு விடியவும் பொழுது பட்ட பிறகும்தான். வளவில் வேப்பமரத்துக்குக் கீழே குழி வெட்டி மணல் போட்டு, வேலைக்குப் போகும் முன் நனைத்துவிடுவேன். மணல் ஈரமும் மர நிழலும் இருக்க, கப்பல் பகல் முழுக்க அதற்குள் கிடந்து நித்திரை கொள்ளும். ஒரு நாள் ஆனந்தராசா அத்தான் சலூன்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கச்சானுக்குப் பிள்ளையளுக்கு மொட்டை அடிச்சுச் சந்தனம் பூசுறேல்லையோ? இதுக்கும் அடிச்சு விடுவம்."

"அந்த மயிர்தான் அத்தான் அதுக்கு வெயில் படாமக் காக்குது. மழிச்சா தோல் வெந்துபோகும் எண்டு டொக்டர் சொன்னவ."

"எட பிள்ளை, மயிர் இருந்தாச் சூடுதானே?"

"உங்கட தலையில ஒண்டுமே இல்லையே. கச்சானில நீங்கள் குளிரில நடுங்குறியளோ?"

சலூன்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அத்தான் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஆனி போயிற்று. கப்பல் விழவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் கேற்றடியில் நின்று தண்ணீர்ப் பவுசர் லொறியைப் பார்த்துக் குரைக்கிற அளவுக்குத் தென்பாகவே இருந்தது. ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டட வேலைக்குக் கிண்ணியாவிலிருந்து பஸ்லான் என்றொரு பொடியன் காலையும் மத்தியானமும் பவுசரில் தண்ணீர் கொண்டுவருவான். உலகத்தில் எல்லோரோடும் ஒத்துப்போகிற கப்பலுக்கு அந்த நீலப் பவுசரை மட்டும் கண்ணில் காட்டக்கூடாது. பஸ்லானுக்கும் நாய் என்றால் ஆகாது. எங்கள் கேற் வரும் முன்பே கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, உள்ளே இருந்து கத்துவான். "அக்கா, புடிச்சுக்கொள்ளுங்கோ! இதுக்குக் கப்பல் எண்டு பேர் வச்ச ஆள் யானையைக் கண்டதில்லை போல!"

ஆடியில் ஒரு வியாழக்கிழமை. அன்று காலையிலேயே காற்று வேறு மாதிரி இருந்தது. ஓர்ஸ் ஹில்லில் எங்கள் அலுவலகத்து முற்றத்தில் காகங்கள்கூட வாயைத் திறந்துகொண்டு நின்றன. மணலை இரண்டு தரம் நனைத்து, பெரிய சட்டியில் தண்ணீர் வைத்து, வீட்டுக் கதவின் திறப்பை அத்தானிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது தலைக்கு மேலே ஃபான் மெதுவாகி நின்றது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை, அன்புவழிபுரத்தில் அதற்கு முன்பே போய்விட்டது என்றார்கள். கப்பல் மரத்தடியில் கிடக்கிறது, அதற்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மனம் கேட்கவில்லை. அத்தானுக்கு அழைத்தேன்.

"அத்தான், கப்பல் வேம்புக்குக் கீழதானே கிடக்குது?"

"நீ ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை" என்றார், நித்திரையால் எழும்பிய குரலில். "கச்சான் இண்டைக்கு விசர் பிடிச்ச மாதிரி அடிச்சுது. சீவனை வெளியில விட மனம் வரேல்ல. முன்னறைக்குள்ள விட்டு, யன்னல் கதவெல்லாம் இறுக்கச் சாத்தி, கீழ இடுக்குக்குத் துணியும் அடைச்சு, ஃபானையும் போட்டுவிட்டு வந்தனான். பச்சைப்பிள்ளை மாதிரிப் படுத்துது."

எங்கள் முன்னறைக்குத் தகரச் சீற் கூரை. ஃபான் நின்று எவ்வளவு நேரமோ.

"கதவைத் திறவுங்கோ!" நான் கத்திய கத்தில் அலுவலகம் முழுக்க எழும்பி நின்றது. "ஓடிப்போய்க் கதவைத் திறவுங்கோ அத்தான்!"

சாப்பாட்டுப் பெட்டி திறந்தபடி கிடக்க, ஓடினேன். ஓட்டோவில் ஏறிக்கொண்டே கணவருக்கும் சொல்லிவிட்டேன். டவுனில் எப்போதும் திரிகிற மான்களில் நாலைந்து ஒரு மதில் நிழலுக்காக றோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றன. மற்ற நாளில் நின்று ரசிப்பேன். அன்று தலையை வெளியே நீட்டி அவற்றைத் திட்டிய திட்டு எனக்கே வெட்கம்.

கேற்றடியில் என் கணவருடைய மோட்டார் சைக்கிள் விழுந்து கிடந்தது. உள்ளே போனேன். அத்தான் கதவு யன்னலெல்லாம் திறந்துவிட்டிருந்தும் அறைக்குள் கால் வைக்க ஏலாத வெக்கை. கப்பல் பக்கவாட்டில் கிடந்தது. நாக்கு செங்கல் நிறத்தில் தரையில் கிடந்தது. வாயோரம் நுரை தடித்திருந்தது. மூச்சு வாள் அறுப்பது போல இழுத்து இழுத்து வந்தது. "கப்பல்" என்று கூப்பிட்டேன். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. காதைத் தொட்டேன், கையைச் சுட்டது.

"ஓட்டோவில ஏத்துவம்!" என்றார் இவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "கெதியாப் பிடியும், டொக்டரிட்டக் கொண்டு போவம்!"

ஓட்டோக்காரனும் இறங்கி ஓடி வந்துவிட்டான். எல்லாருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. எனக்கும் கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. ஏற்றிக்கொண்டு ஓடினால் ஏதோ செய்கிறோம் என்ற ஆறுதலாவது இருக்கும். ஆனால் மத்தியான வெயிலில், அந்தக் கறுத்தக் கூரைக்குக் கீழே, டவுனைக் கடந்து போகும்வரை அந்த உடம்பு வெந்துகொண்டேதான் இருக்கும்.

"இல்லை" என்றேன். "முதல் நனைக்கோணும். இஞ்சயே."

"கஜந்தி, செத்துப்போகும்!"

"கொண்டு போனாத்தான் சாகும்! தண்ணி கொண்டு வாங்கோ!"

குளியலறையில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. அதை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றினேன். கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் சுடத் தொடங்கியது. குழாயைத் திறக்க, அது இரண்டு தரம் செருமிவிட்டு நின்றுவிட்டது. மேலே டாங்கி காலி. எங்களுடையது குழாய்க் கிணறு, கரண்ட் இல்லாமல் மோட்டர் வாய் திறக்காது. அத்தான் தன் வீட்டிலிருந்து மண்குடத்தையே தூக்கிக்கொண்டு ஓடி வந்து, கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். இத்தனை பெரிய உடம்புக்கு அது எங்கே காணும்? அந்த நேரம் எனக்கு அழுகை வந்தது. தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் ஒழுங்கைக்குள் அந்த ஹோர்ன் கேட்டது. கப்பல் ஒவ்வொரு நாளும் பாய்ந்து குரைக்கிற ஹோர்ன். அன்று அது காதைக்கூட ஆட்டவில்லை.

செருப்பில்லாமல் ஓடிப்போய்ப் பவுசருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். பஸ்லான் பிரேக்கைப் போட்டுவிட்டுத் தலையை நீட்டினான்.

"என்னக்கா, வீடு பத்துதா?"

"கப்பல் சாகுது பஸ்லான்! தண்ணி தா!"

அவன் என்னைப் பார்த்தான், பிறகு கேற்றைப் பார்த்தான். "அல்லாவே" என்றான். "நான் அதைத் தொடமாட்டன் அக்கா."

"தொடவேண்டாம், நீ பைப்பைப் பிடி, காணும்!"

அவன் தலையை உள்ளே இழுத்தான். ஹோர்னை அமத்திக்கொண்டு பவுசரைப் பின்னுக்கு எடுத்து, எங்கள் கேற்றின் ஒரு தூணையும் இடித்துச் சரித்து, வளவுக்குள் வாலை விட்டான்.

நாங்கள் பெட்சீற்றில் கப்பலை உருட்டிப் போட்டு, நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து இழுத்தோம். வேம்பின் மேற்குப் பக்கம், மதிலுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு நிழலான ஒடுங்கின வழி இருக்கிறது, ஓடை என்போம். கச்சான் அதற்குள் புகுந்தால் விசிலடிக்கும். அங்கே கொண்டுபோகச் சொன்னேன். அத்தான் பெட்சீற்றை விட்டுவிட்டுக் குறுக்கே வந்து நின்றார். குடத்துத் தண்ணீரில் நனைந்த சாக்கு ஒன்றைக் கையில் எடுத்திருந்தார்.

"உதுக்குள்ளயோ? கச்சான் நேர அடிக்குது! உள்ளுக்க விட்டதுக்கே இந்த நிலைமை, வெளியில போட்டுக் கொல்லப் போறியோ? சாக்கால மூடு பிள்ளை!"

"அத்தான், உங்கட குடத்தை எந்த யன்னலில வச்சிருக்கிறியள்?"

"இப்ப என்ன குடக் கதை?"

"சொல்லுங்கோ!"

"மேற்கு யன்னலில."

"எல்லா யன்னலையும் பூட்டுற நீங்கள் அதை மட்டும் ஏன் திறந்து வச்சிருக்கிறியள்?"

"கச்சான் பட்டாத்தானே தண்ணி…"

கையிலிருந்த சாக்கைப் பார்த்தார், கீழே கிடந்த கப்பலைப் பார்த்தார். பிறகு சாக்கை மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டு, பெட்சீற்றின் மூலையைத் தானே பிடித்து இழுத்தார், நாங்கள் மூன்று பேரும் இழுத்ததைவிடப் பலமாக.

பைப் வெயிலில் கிடந்ததால் முதலில் வந்த தண்ணீர் கொதித்தது. "பொறுங்கோ, பொறுங்கோ" என்று பஸ்லான் அதை நிலத்தில் ஓடவிட்டு, கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பினான். பிறகு ஊற்றினான் ஐயா, ஊற்றினான். பத்தடி தள்ளி நின்றபடி, கழுத்து, வயிறு, தொடை இடுக்கு என்று நான் காட்டிய இடமெல்லாம் குறி தப்பாமல் அடித்தான். நான் ஒரு பக்கம், அத்தான் மறுபக்கம் முழங்காலில் இருந்து, அந்தக் கம்பளி மயிரைக் கையால் பிளந்து பிளந்து தோலுக்குத் தண்ணீரை விட்டோம். இவர் தலையை மடியில் வைத்து நாக்கை நனைத்தார்.

கச்சான் வந்தது. வருடம் வருடம் நாங்கள் எல்லாரும் சாபம் போடுகிற அதே காற்று. ஓடைக்குள் புகுந்து, நனைந்த உடம்பில் மோதியது. என் ஈரச் சேலை காலோடு ஒட்டிக் குளிர்ந்தது. கையில் மயிர் சிலிர்த்தது. அடிக்கிறது அனல் காற்று, நான் குளிரில் சிலிர்க்கிறேன்! "அடி, அடி, இன்னும் அடி" என்று காற்றிடம் வாய்விட்டே சொன்னேன். கப்பலின் மயிர் காயக் காயப் பஸ்லான் திரும்ப நனைத்தான். நனைக்க நனைக்கக் கச்சான் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் காதைத் தொட்டேன். சுடவில்லை. வாள் அறுக்கிற சத்தம் குறைந்து, வெறும் இளைப்பாக மாறியிருந்தது. நாக்கில் ரோசா நிறம் வந்திருந்தது. கண் உருண்டு, என் முகத்தில் வந்து நின்றது. பெருவிரல் அளவு வால் நுனி சேற்றில் ஒருதரம் தட்டியது.

"ஆட்டுது!" என்று கத்தினார் அத்தான். "வாலை ஆட்டுதடா தவராசா!"

கப்பல் தலையைத் தூக்கியது. சுற்றிவரப் பார்த்தது. மதிலைப் பார்த்தது, மரத்தைப் பார்த்தது, பிறகு தன் வளவுக்குள்ளேயே வாலை விட்டுக்கொண்டு நிற்கிற அந்த நீலப் பவுசரைப் பார்த்தது. முன்னங்காலை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையில் இருந்த கொஞ்சநஞ்சச் சத்தத்தையும் திரட்டிப் பவுசரைப் பார்த்து ஒரு குரை குரைத்தது.

பஸ்லான் பைப்பைப் போட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் சீற்றில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, "நன்றி கெட்ட சாமான்!" என்று கத்திக்கொண்டே கண்ணைத் துடைத்தான். நாங்கள் மூன்று பேரும் சேற்றுக்குள் இருந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம். ஒழுங்கைச் சனம் முழுக்க மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கைதட்டியது.

அதற்குப் பிறகுதான் தண்ணீரை நிறுத்தி ஓட்டோவில் ஏற்றினோம். பின் இருக்கை முழுவதும் கப்பல், நான் கீழே குந்திக்கொண்டு. இரண்டு பக்கமும் காற்று அள்ளிக்கொண்டு வந்தது. அத்தான் இவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து, சந்திக்குச் சந்தி "விலகுங்கோ! விலகுங்கோ!" என்று கையை வீசிக்கொண்டு வந்தார்.

லக்சனா இரத்தம் எடுத்தாள், சேலைன் ஏற்றினாள். உள்ளுறுப்புகளைப் பார்க்க வேண்டும், இன்று தன்னிடமே இருக்கட்டும் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பிடியே ஏத்திக்கொண்டு வந்திருந்தா எனக்கு ஒண்டும் செய்ய ஏலாமப் போயிருக்கும் அக்கா. குளிரப் பண்ணிப்போட்டுக் கொண்டு வந்தியள். தப்பிட்டான்" என்றாள். என் கணவர் எல்லார் முன்னாலும் என் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டார். கலியாணத்தன்று பிடித்ததைவிட இறுக்கமாக.

அந்தச் சந்தோசத்துக்கு நடுவில்தான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. ஆடி முடியவில்லை. கப்பல் விழுந்துவிட்டது. ஆரால் விழுந்தது என்று நான் வாக்குக் கொடுக்கும்போது சொல்லவில்லை. விழுந்தால் அனுப்புவேன் என்றுதான் சொன்னேன். சேலைன் ஏற ஏற என் பக்கம் சாய்ந்து கிடந்த அந்தப் பெரிய தலையை ஒருதரம் தடவினேன். எதிரில் கதிரையில் இருந்த அத்தான் கைபேசியை எடுத்தார். அவருக்குக் கைபேசியில் மெதுவாகக் கதைக்கத் தெரியாது, இழுவைப் படகில் கத்திப் பழகியவர். ஆசுபத்திரி முழுக்கக் கேட்டது.

"ஹலோ, பண்டாரவளை ஐயாவோ? நான் ஆனந்தராசா. ஓம், அந்த நாய் விசயம்தான். வாகனம் அனுப்பவேண்டாம். இல்லை ஐயா, உசிரோட இருக்குது. விழுந்ததுதான்… ஓம், இண்டைக்குத்தான். ஆனா அது தானா விழேல்ல, நான்தான் பூட்டி வச்சு விழுத்தினனான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு குரல் இன்னும் உயர்ந்தது.

"என்ன, மலைநாட்டு நாயோ? ஆர் ஐயா சொன்னது? நானோ? நான் ஆயிரம் சொல்லுவன்! இது திருகோணமலை நாய் ஐயா. கச்சானில எழும்பின நாய்!"

கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "தண்ணி விடாய்க்குது" என்று சும்மா சொன்னார். எழும்பி வெளியே போய் முகத்தைத் துடைத்தார்.

கப்பல் வீட்டுக்கு வந்த அடுத்த நாள் காலை, நானும் அதுவும் சரிந்த கேற்றுத் தூணடியில் நின்றோம். நீலப் பவுசர் ஒழுங்கைக்குள் திரும்பியது. கப்பல் முழுத் தொண்டையில் குரைத்தது. பஸ்லான் இந்தமுறை கண்ணாடியை ஏற்றவில்லை. பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, தலையை நீட்டி, "கத்துடா மகனே, நல்லாக் கத்து!" என்றான். பிறகு ஹோர்னை நீளமாக அமத்திக்கொண்டு போனான்.

அத்தான் வீட்டில் யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது.